பச்சைக் கதவுப் பாட்டு

முதல் நாள் அவர் வந்தபோது என் ஸ்டுடியோக் கதவு அகலத் திறந்துதான் கிடந்தது. உள்ளே வருகிறவர் நேரே வந்து உட்கார வேண்டியதுதானே. அவர் வாசலில் நின்றுகொண்டு, "உள்ளே வரலாமா?" என்று கேட்டார். வாங்க என்றேன். "செருப்பைக் கழற்றணுமா?" என்றார். வேண்டாம் என்றேன். உள்ளே வந்து நாற்காலியைக் காட்டி, "இதுல உட்காரலாமா, வேற யாராவது வருவாங்களா?" என்றார். உட்கார்ந்த பிறகு மேசை மேலிருந்த மைக்கைப் பார்த்து, "இதைத் தொட்டுப் பார்க்கலாமா சார்?" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. காலையிலிருந்து மின்சாரம் வேறு வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. தொடுங்கம்மா, அது என்ன கடிக்கவா போகுது என்று சொல்லிவிட்டேன்.

அப்போது நான் தேனியில், கம்பம் சாலையில், ஓர் உரக்கடை மாடியில் தொழில் செய்துகொண்டிருந்தேன். ஸ்டுடியோ என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டி, மேலே ஜமுக்காளம் தொங்கவிட்ட ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர், இரண்டு மைக். அம்மன் பாட்டு, ஜவுளிக்கடை விளம்பரம், தேர்தல் வந்தால் ஆட்டோவில் கட்டி ஓட்டுகிற பேச்சு, இவ்வளவுதான் பதிவு வேலை. கூடவே ரேடியோ செட்டும் உண்டு. கல்யாணம், காதுகுத்து, வீரபாண்டித் திருவிழா எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவேன். ஊரில் என் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. செட்டுக்காரர் என்றால் தெரியும்.

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதலாமா என்று கேட்க அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. கேட்காமல் எழுதினால் எனக்கே ஒரு மாதிரி இருக்கும். எங்களுக்கு அவர் பாட்டுக்காரம்மா. ஐம்பது வயது இருக்கும். காதோரம் நரை, கைத்தறிச் சேலை, ஆண்கள் போடுகிற மாதிரித் தோல் செருப்பு. பெங்களூரில் பெரிய ஓட்டல்களில் வெகுகாலம் ஜாஸ் பாடியவர். வீட்டில் பேசியது தமிழ்தான் என்றாலும், ஒவ்வொரு சொல்லையும் மடித்து வைத்த துணியை எடுத்து உதறுகிற மாதிரி நிதானமாகத்தான் பேசுவார். சொந்த ஊர் எது, கல்யாணம் ஆனதா, பிள்ளைகள் உண்டா, ஒன்றும் எனக்குத் தெரியாது. ஊரையே கேள்வி கேட்டுக்கொண்டு திரிந்தவரிடம் நாங்கள் யாரும் திருப்பி ஒரு கேள்வி கேட்கவில்லை. அவர் போன பிறகுதான் அது உறைத்தது.

அவர் ஓர் ஆல்பம் போட வந்திருந்தார். தனியாக இல்லை. பம்பாயிலிருந்து ஒருவர் பியானோ வாசித்து சிடியில் போட்டுக் கூரியரில் அனுப்புவார். கோவாவில் ஒருவர் ஆள் உயர வயலின் ஒன்றை நிற்கவைத்து மீட்டுவார். ஒவ்வொரு பாட்டிலும் ஓர் ஊரின் பெண்கள் இருப்பார்கள், வேலை பார்த்துக்கொண்டே பாடுகிற பெண்கள். எட்டுப் பாட்டு என்று திட்டம், அதில் ஒன்று எங்கள் பக்கத்தது. விற்று வருவது அத்தனையும் மதுரையில் இருந்த ஒரு வீட்டுக்கு. அடி தாங்காமல் பிள்ளைகளோடு வெளியே வருகிற பெண்கள் அங்கே தங்கிக்கொள்ளலாம். ஆல்பத்து அட்டையில் பாடிய பெண்கள் எல்லாருடைய பெயரும், அவர் பெயர் எந்த அளவோ அதே அளவு எழுத்தில் வரவேண்டும் என்றார். என் பெயரும் அதே அளவில். இதைக் கேட்டபோது மட்டும் எனக்குக் கோபம் கொஞ்சம் இறங்கியது, பொய் சொல்லுவானேன்.

கீழே இருந்த உரக்கடைக்காரர் நல்ல மனுசர். நல்ல காரியம் என்று கேள்விப்பட்டு, அட்டை அச்சடிக்கிற செலவை நான் ஏற்கிறேன், பின்பக்கம் கடைப் பெயரைப் போடுங்கள் என்றார். பாட்டுக்காரம்மா அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, "உங்ககிட்ட மருந்து வாங்கித் திராட்சைக்கு அடிக்கிறவங்க கையில உறை போட்டுக்கிறாங்களா?" என்று கேட்டார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். "அதெல்லாம் யாரும்மா போடுறாக," என்றார் அவர். "அப்போ வேண்டாமே, தப்பா நினைக்காதீங்க," என்றார் இவர். கடைக்காரர் தப்பாக நினைக்கவில்லை. ஆனால் மறுவாரம் அவர் கடை முன்னால் ஓர் அட்டைப்பெட்டியில் உறைகள் விற்பனைக்கு வந்திருந்தன. ஒன்றுகூடப் போகவில்லை என்பது வேறு விஷயம்.

அவர் பாட்டைப் பற்றி என்ன சொல்ல. எனக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. நாலு வரி சொல் வரும், அப்புறம் சொல்லே இல்லாமல் குரல் மட்டும் படியேறி இறங்கி எங்கெங்கோ போய் வரும். உரக்கடைக்காரர் ஒருநாள் மாடிக்கு வந்து கேட்டுவிட்டு, என் காதில், "அந்தம்மாவுக்குப் பாட்டு மறந்துபோச்சா? ஒரு தாள்ல எழுதி வச்சுக்கிறப்படாதா?" என்றார். ஒரு தடவை பாடியதை மறுதடவை பாடவும் மாட்டார். நடுவில் ஒரு சொல் பிசிறடித்தால் அந்த இடத்தை மட்டும் திரும்பப் பாடச்சொல்லி ஒட்டுவது எங்கள் வழக்கம். "அதே மாதிரி ஒரு வாட்டி பாடிருங்கம்மா," என்பேன். "அது போயிடுச்சே சார்," என்பார், ரொம்ப வருத்தமாக, ரயிலைத் தவறவிட்டவர் மாதிரி. முழுசாக முதலிலிருந்துதான் எடுக்க வேண்டும். நான் தலையில் அடித்துக்கொள்வேன். அவர் அதையும் பார்த்துவிட்டு, "உங்களுக்கு நேரமாச்சா, நாளைக்கு வச்சுக்கலாமா?" என்று கேட்பார்.

ஒரு நாள் சாப்பிட வீட்டுக்கு அழைத்துப் போனேன். என் வீட்டுக்காரி அடுப்படியில் நின்றாள். இவர் நிலைப்படியில் நின்று, "உங்க சமையலறைக்குள்ள வரலாமா?" என்றார். அவள் கரண்டியை வைத்துவிட்டு மணையை எடுத்துப் போட்டாள். அன்றைக்கு அவர்கள் இரண்டு பேரும் அடுப்படியிலேயே உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பும் மொச்சையும் சாப்பிட்டார்கள். எனக்கு வெளியே ஒரு தட்டு வந்தது. அவர் போன பிறகு வீட்டுக்காரி சொன்னாள், "கலியாணமாகிப் பதினாறு வருசத்துல என் அடுப்படிக்குள்ள வரலாமான்னு கேட்டவுக அவுக ஒருத்தவுகதான். நீங்க சட்டிக்குள்ளயே கைய விடுவீக."

போடிக்கு அவரை நான்தான் அழைத்துப் போனேன். மலையிலிருந்து வருகிற ஏலக்காய் அங்கே கிட்டங்கி என்கிற கிடங்குகளில் வந்து இறங்கும். நீளமான கொட்டகைக்குள் பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து காய் பொறுக்குவார்கள். காம்பு கிள்ளி, வெடித்ததைத் தள்ளி, கறுத்ததைத் தள்ளி, பருமன் வாரியாகப் பிரிக்க வேண்டும். நாங்கள் போன கிட்டங்கியில் ஒரு வழக்கம் இருந்தது. வேலை நேரத்தில் பெண்கள் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டு ஆசையால் அல்ல. வாய் சும்மா இருந்தால் ஏலக்காய் உள்ளே போய்விடும் என்று கணக்கப்பிள்ளைக்குப் பயம். யார் பாட்டை நிறுத்தினாலும் அவர் கண்ணாடிக்கு மேலே பார்ப்பார். அதனால் அந்தப் பெண்கள் தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்துபோய், தாங்களே கட்டிக் கட்டிப் பாடுவார்கள். ஒருத்தி வரி போட, மற்றவர்கள் வாங்கிக்கொள்வார்கள்.

உள்ளே நுழைந்ததும் பாட்டுக்காரம்மா அசையாமல் நின்றுவிட்டார். பாட்டுக்காகக்கூட இல்லை. இருபது சொச்சம் சுளகுகளில், அந்த மூங்கில் முறங்களில், காய் உருளுகிற சத்தம். ஜாஸில் டிரம்மைக் கம்பி பிரஷ் வைத்துத் தேய்ப்பார்களாம், இது அதேதான் என்றார். முதலாளி சரி என்றுவிட்டார், கணக்கப்பிள்ளையும் சரி என்றுவிட்டார். நான் மைக்கை மாட்டப் போனேன். "இருங்க சார், இன்னும் கேட்கலை," என்றார். பிறகு முதல் வரிசையில் முதல் பெண்ணிடம் போய் உட்கார்ந்தார். எதற்கு எடுக்கிறோம், எங்கே போகும், யார் கேட்பார்கள், பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் வேண்டாம் என்று சொல்லலாம், இத்தனையும் சொல்லிக் கேட்டார். அடுத்து இரண்டாவது பெண். இருபத்திரண்டு பேர். பகல் பூராவும் போயிற்று.

"முதலாளியே சரின்னுட்டாக, எங்களையும் கேக்கணுமாக்கும்?" என்று ஒருத்தி சிரித்தாள்.

"குரல் முதலாளியோடதா?" என்றார் பாட்டுக்காரம்மா. அதற்கு ஒருத்தியும் சிரிக்கவில்லை.

மூக்கம்மா என்று ஒரு வயதானவள் மட்டும் எனக்கு வெட்கமாக இருக்கிறது, நான் வரவில்லை என்றாள். சரி என்று அவளைச் சும்மா காய் பொறுக்கவிட்டு மறுநாள் பதிவு செய்தோம். அருமையாக வந்தது. பார்த்தால் நடுவில் ஓர் இருமல். மூக்கம்மா இருமல். "அவங்க வேண்டாம்னு சொன்னாங்களே," என்றார். இருமல்தானேம்மா என்றேன். "இருமலும் அவங்களோடதுதானே சார்." மறுபடி முதலிலிருந்து எடுத்தோம். அன்றைக்குத் திரும்பி வருகிற பஸ்ஸில் நான் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அந்தப் பாட்டில் வரி போட்டவள் பேச்சி. நாற்பதைத் தொட்ட வயது, ஒல்லி உடம்பு, கணீரென்ற குரல். போடிக்குப் பக்கத்துக் கிராமம். இரண்டு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். புருசன் லாரி ஆபீசில் மூட்டை ஏற்றுகிறவன். அவன் பெண்டாட்டி மேல் கை நீட்டுகிறவன் என்று கிட்டங்கி முழுக்கத் தெரியும். பேச்சி அதை அழுது சொல்லமாட்டாள், பாட்டில் வைத்துச் சொல்லுவாள்.

வாசப்படி இடிச்சதுன்னு
வைத்தியர்ட்டச் சொல்லச் சொன்னாக
வாசப்படிக்குக் கையிருந்தா
வளையலிட்டுப் பாத்திருப்பேன்

உடனே மற்றவர்கள் சுளகைத் தட்டிக்கொண்டு கேட்பார்கள்:

எந்தப் படி எந்தப் படி
எந்த வீட்டுப் படி அக்கா

பேச்சி இழுத்துப் பாடுவாள்:

பச்சக்கதவு வீட்டுப் படி
பாத்து வாங்க தங்கச்சி

பாட்டுக்காரம்மா இதைப் பேச்சியிடம் தனியாக வைத்துக் கேட்டார். இந்த வரிகள் அப்படியே போகலாமா, வீட்டில் தெரிந்தால் உங்களுக்கு ஏதாவது ஆகுமா என்று. பேச்சி சுளகைப் புடைத்துக்கொண்டே, "பெங்களூர்லயும் பம்பாய்லயும் இருந்து எவன் பச்சக்கதவத் தேடிக்கிட்டு எங்க தெருவுக்கு வரப்போறான்? போடுங்கம்மா," என்றாள். அந்தப் பேச்சை நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். கேட்டதை நன்றாக ஞாபகம் வைத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பம்பாய் பியானோவும் கோவா வயலினும் வந்து சேர்ந்து, மேலே பாட்டுக்காரம்மா சொல்லில்லாத குரலில் பேச்சிக்குப் பின்னாலேயே நடந்து போகிற மாதிரி பாடி முடித்தபோது, எனக்கே மயிர்க்கூச்செடுத்தது. இருபது வருட அனுபவத்தில் என் அறையில் அப்படி ஒன்று பதிவானதே இல்லை. கூரியரில் அனுப்ப இரண்டு சிடி போடச் சொன்னார். நான் மூன்று போட்டேன். மூன்றாவது எனக்கு.

இவர் ஏன் இப்படி எதற்கெடுத்தாலும் கேட்கிறார் என்பது எனக்குப் பெரிய புதிராகவே இருந்தது. நேராகக் கேட்கத் தோன்றவில்லை என்று சொன்னேன் அல்லவா. ஒருநாள் பஸ் ஸ்டாண்ட் எதிரே டீக்கடையில் நின்றிருந்தோம். டிவியில் ஏதோ பழைய சோப்பு விளம்பரம். ஒரு பெண் அருவியில் நனைகிறாள், பின்னால் ஒரு குரல் வெறும் முனகலாகப் பாடுகிறது. பாட்டுக்காரம்மா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"அது நான்தான்," என்றார்.

"நீங்களா? விளம்பரத்துக்கெல்லாம் பாடியிருக்கீகளா?"

"பாடலை. ஒத்திகைக்கு முன்னாடி குரலைச் சரிபண்ணிட்டு இருந்தேன். டேப் ஓடிட்டிருந்திருக்கு. எனக்கு இருபத்தஞ்சு வயசு அப்போ. ஒரு நாள் தியேட்டர்ல இதைக் கேட்டேன். பக்கத்துல இருந்தவங்ககிட்ட இது என் குரல்னு சொன்னா யாரும் நம்பலை."

"போய்ச் சண்டை போடலையா?"

"போனேன். சும்மா முணுமுணுத்ததுதானே, அதுக்கு என்ன கேட்கணும்னாங்க."

டீயைக் குடித்து முடித்தார். இதுதான் காரணம் என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமில்லை. இதே மாதிரி நடந்த பாடகர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள், அவர்கள் எல்லாம் மூக்கம்மாவின் இருமலுக்காகப் பாட்டை மறுபடி எடுப்பார்களா என்ன.

சித்திரையில் வீரபாண்டித் திருவிழா வந்தது. ஆற்றுப் பாலத்திலிருந்து ராட்டினம் வரைக்கும் குழாய் என்னுடையது. கம்பம், சின்னமனூர், போடி, வருசநாடு என்று பள்ளத்தாக்கே அங்கே வந்து நிற்கும். காலை பத்து மணி இருக்கும். அக்கினிச்சட்டி எடுத்தவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அம்மன் பாட்டாக ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் வெளியூர்க் கம்பெனிப் பாட்டு. பக்கத்துக் குழாய்க்காரனும் அதையேதான் போடுகிறான். நம்ம அறையில் எடுத்தது இத்தனை நல்லதாக ஒன்று பெட்டிக்குள் கிடக்கிறதே என்று எனக்குக் கை துறுதுறுவென்றது. மூன்றாவது சிடியை எடுத்துப் போட்டேன்.

போட்டதோடு நிற்கவில்லை. எங்கள் தொழிலில் ஒரு நியாயம் உண்டு. உள்ளூர் ஆள் பாட்டைப் போட்டால் பெயரைச் சொல்லாமல் போடக்கூடாது. சொல்லாவிட்டால் பாடியவருக்கு மரியாதைக் குறைச்சல். மைக்கைப் பிடித்து, "அடுத்து வருவது நமது ஸ்டுடியோவில் பதிவான பாடல். பாடுபவர் போடி ஏலக்காய்க் கிட்டங்கிப் பேச்சி," என்று கணீரென்று அறிவித்தேன். வாசப்படியும் வளையலும் பச்சைக் கதவும் ஆற்றின் இரண்டு கரைக்கும் கேட்டன. ஜனம் நின்று கேட்டது. ஒருவர் வந்து இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன்.

பேச்சியின் புருசன் அங்கேதான், ராட்டினத்துக்குப் பக்கத்தில், பங்காளிகளோடு கரும்புச்சாறு குடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். "ஏலே, ஒன் வீட்டுக் கதவு பச்சைதானடா," என்று ஒருவன் சொல்ல, எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அவனும் சேர்ந்து சிரித்தானாம். வீட்டுக்குப் போகிற வரைக்கும் சிரித்துக்கொண்டே போனானாம்.

நாலு நாள் பேச்சி வேலைக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தாள். அட்டையில் போடப்போகிற பெயர்களைப் படித்துக்காட்டி, எழுத்து சரியா என்று கேட்க அன்றைக்குப் பாட்டுக்காரம்மா கிட்டங்கியில் இருந்தார். பேச்சிக்குப் புருவத்தின் மேல் நாலு தையல். கணக்கப்பிள்ளை, "என்னத்தா இது?" என்று கேட்டார். அவள் சுளகை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "வாசப்படி இடிச்சிருச்சு," என்றாள்.

அன்று அந்தக் கொட்டகையில் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. கணக்கப்பிள்ளையும் கண்ணாடிக்கு மேலே பார்க்கவில்லை.

மாலையில் பாட்டுக்காரம்மா என் ஸ்டுடியோவுக்கு வந்தார். வாசலில் நின்றார். அன்றைக்கும் "வரலாமா?" என்று கேட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "யார்கிட்ட கேட்டுப் போட்டீங்க?" என்று மட்டும் கேட்டார்.

தப்பு செய்தவனுக்குக் கோபம்தானே முதலில் வரும். "என்னம்மா நீங்க? வருசம் பூரா ஊரான் பாட்டத்தான் போடுறோம். யாரக் கேட்டுப் போடுறோம்? நல்லாருந்துச்சு, போட்டேன். அவளுக்குப் பேரு வாங்கிக் குடுக்கத்தான போட்டேன்," என்று கத்தினேன். கத்தும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. அவர், "தப்பு என்னோடது சார். தூரத்துல இருக்கிறவங்க கேட்பாங்கன்னு மட்டும்தான் அவங்ககிட்ட கேட்டேன். பக்கத்துல இருக்கிறவங்களைப் பத்தி நான் கேட்கவே இல்லை," என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பது வயது ஆம்பிளை, முட்டை அட்டைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.

பேச்சி என்ன ஆனாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதையே நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அந்த ஆடி மாதம் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு மதுரை வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் இருந்தாள். பிறகு திரும்பி வந்து, போடியிலேயே கிட்டங்கிக்கு இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு ஓர் அறை பிடித்தாள். புருசன் வந்து தெருவில் நின்று கத்திப் பார்த்தான், பங்காளிகளைக் கூட்டிவந்தும் பார்த்தான். அவள் போகவில்லை. ஆல்பம் வெளிவந்தது, ஏழு பாட்டோடு. அட்டையில் கிட்டங்கிப் பெண்களின் பெயர்கள், எங்களுக்கு உதவியவர்கள் என்று அதே அளவு எழுத்தில் இருந்தன. பேச்சியின் பெயர் இல்லை. அதுவும் கேட்டுத்தான். இதெல்லாம் நடக்கும் முன்பே பாட்டுக்காரம்மா ஊரைவிட்டுப் போய்விட்டார், அவரை நான் மறுபடி பார்க்கவில்லை.

நான் அவரைப் பார்த்த கடைசி நாளைச் சொல்கிறேன். திருவிழா முடிந்து இரண்டு வாரம் இருக்கும். பாட்டை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவுசெய்ய வேண்டியிருந்தது. அச்சுக்குக் கொடுக்கிற நேரம். மற்றப் பெண்கள் பேச்சி சொன்னால் சரி என்றுவிட்டார்கள். கிட்டங்கியில் வைத்துப் பேச வேண்டாம், நானே வருகிறேன் என்று பேச்சி மத்தியான பஸ்ஸில் தேனிக்கு வந்தாள். தையல் பிரித்த தழும்பு சிவப்பாக இருந்தது. என்னைப் பார்த்தாள். நான் மன்னித்துக்கொள் தாயி என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் நாற்காலியைத் துடைத்துப் போட்டேன்.

பாட்டுக்காரம்மா ஹெட்போனைக் கையில் வைத்துக்கொண்டு, "இதை உங்க காதுல மாட்டலாமா?" என்று கேட்டு மாட்டிவிட்டார். பேச்சி முழுப் பாட்டையும் கேட்டாள். பியானோ வருகிற இடத்தில் தலை லேசாக ஆடியது. அவள் குரலுக்குப் பின்னால் இவர் குரல் வருகிற இடத்தில் நிமிர்ந்து இவரைப் பார்த்தாள். முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது வெளியே போகலாமா, வேண்டாமா? நீங்க சொல்லுங்க," என்றார் பாட்டுக்காரம்மா.

எனக்குப் பொறுக்கவில்லை. "நல்லா யோசிச்சுச் சொல்லு தாயி. இந்தப் பாட்டுதான் ஆல்பத்துக்கே உசுரு. எங்கெங்கயோ போய்ச் சேரும்," என்றேன். பாட்டுக்காரம்மா என் பக்கம் கையைக் காட்டினார், பேசாதே என்கிற மாதிரி.

"வேணாம்," என்றாள் பேச்சி.

"சரி," என்றார் அவர். பிறகு என்னிடம், "அழிச்சிடுங்க சார்."

நான் உட்கார்ந்தபடியே இருந்தேன். மன்றாடினேன் என்றே சொல்லலாம். "பச்சக்கதவு வரிய மட்டும் வெட்டிருவோம். பேரு போட வேணாம். ஒரு பிரதி மட்டும் பெட்டிக்குள்ள கிடக்கட்டும், யாருக்கும் போட்டுக்காட்ட மாட்டேன்," என்றேன்.

"அவங்க பச்சைக் கதவு வேண்டாம்னு சொல்லலை சார். பாட்டு வேண்டாம்னு சொல்றாங்க."

அழித்தேன். கம்ப்யூட்டரிலிருந்து எடுத்தேன், குப்பைத்தொட்டிப் படத்தைத் திறந்து அங்கிருந்தும் எடுத்தேன். மூன்றாவது சிடியை வளைத்து உடைத்தேன். பேச்சி எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பம்பாய்க்கும் கோவாவுக்கும் பாட்டுக்காரம்மா அங்கேயே போன் போட்டு அழிக்கச் சொன்னார். ஒரு வருட வேலை. அழிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

"அம்புட்டுத்தானா?" என்றாள் பேச்சி.

"அவ்வளவுதான்."

"எல்லாத்துக்கும் கேள்வி கேக்குறவுக, ஏன் வேணாம்னு ஒண்ணும் கேக்கலியே."

"அதை நீங்க சொல்லணும்னு இல்லையே பேச்சி."

பேச்சி நாற்காலியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கையிலிருந்த வளையலையே உருட்டிக்கொண்டிருந்தாள். "கலியாணம் வேணாம்னேன். மூணாவது பிள்ள வேணாம்னேன், வந்துச்சு, தங்கல. அடிக்க வேணாம்னேன். நான் சொன்னதுல எது நின்னுச்சு," என்றாள், யாரிடமும் சொல்லாத மாதிரி. பிறகு நிமிர்ந்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு வந்திருந்தது, கண்ணில் தண்ணீரும் நின்றது.

"இன்னொரு வாட்டி கேளுங்கம்மா."

பாட்டுக்காரம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியை இழுத்து அவள் முன்னால் போட்டு உட்கார்ந்தார். அழிந்துபோன பாட்டைப் பற்றி, அது இருக்கிறது என்பது போலவே கேட்டார். "இந்தப் பாட்டு வெளியே போகலாமா, வேண்டாமா?"

"வேணாம்," என்றாள் பேச்சி, கொஞ்சம் சத்தமாக. "சரி," என்றார் அவர்.

"இன்னும் ஒரு வாட்டி."

மூன்றாவது தடவை கேட்கும்போது பாட்டுக்காரம்மாவின் குரலே கலங்கியிருந்தது. பேச்சி எழுந்து முந்தானையை இடுப்பில் செருகினாள். இந்தத் தடவை அவரைப் பார்க்கவில்லை. என் பக்கமாகத் திரும்பி நின்று சொன்னாள்.

"வேணாம்."

"சரி தாயி," என்றேன் நான்.